சொந்த மைதானமா, வரிசை எண்ணா? ஒஹையோ பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் ப்ளே-ஆஃப்

கேள்வி: 2024 நவம்பர் 2, சனி காலை

என் மகள் ஒஹையோவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி பேண்டில் கிளாரினெட். நேற்று ப்ளே-ஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட்) முதல் சுற்றுக்காக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். படுதோல்வி. நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்தாள். செய்தியைப் பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் சொந்த மைதானத்தில் ஆடிய பள்ளிகளே பெரும்பாலும் ஜெயித்திருக்கின்றன. சொந்த மைதானத்துக்கு இவ்வளவு பலம் என்றால், வெளியூர் போகிற பிள்ளைகளை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? எல்லா ஆட்டத்தையும் பொது மைதானத்தில் வைத்தால் என்ன?

நவம்பர் 2, மதியம்

இதில் மைதானத்தின் பங்கு சிறிது. முதல் சுற்று எப்படி அமைகிறது என்று பாருங்கள்.

ஒஹையோவில் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிகளை ஏழு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் நான்கு வட்டாரம். 2021 முதல் வட்டாரத்துக்கு 16 பள்ளிகள் ப்ளே-ஆஃபுக்குப் போகின்றன. மொத்தம் 448. 2019 வரை இது 224-ஆக இருந்தது. முதல் எட்டு இடத்தில் இருக்கும் பள்ளிகளுக்குச் சொந்த மைதானம். முதல் இடத்துப் பள்ளி பதினாறாம் இடத்துப் பள்ளியை வரவேற்கிறது, இரண்டாம் இடம் பதினைந்தை.

வருடம் முழுக்க ஜெயித்த அணிக்கு மைதானத்தையும் கொடுத்துவிட்டு, கடைசி ஆளாக உள்ளே நுழைந்த அணியை அங்கே அனுப்புகிறோம். அப்புறம் மைதானம்தான் ஜெயித்தது என்றால் எப்படி? அந்த ஆட்டத்தைப் பாலைவனத்தில் நடுராத்திரியில் வைத்தாலும் முடிவு அதேதான். உங்கள் மகளின் பள்ளி எத்தனையாவது இடம்?

நவம்பர் 2, இரவு

பதினைந்தாம் இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நேற்றைய தோல்விக்கு மைதானத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

மைதானத்துக்கு உண்மையில் எவ்வளவு பலம் என்று தெரிய வேண்டுமானால் எட்டாம் இடமும் ஒன்பதாம் இடமும் மோதுகிற ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமம். தரவரிசைக் கணக்கில் அரைப் புள்ளி, கால் புள்ளி வித்தியாசத்தில் ஒருவர் வீட்டில் இருக்கிறார், இன்னொருவர் பஸ் ஏறுகிறார். வருடத்துக்கு 28 வட்டாரம், அப்படி 28 ஆட்டம்.

என் பையன் அந்த ஆட்டத்தை இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறான். 2021-இல் ஒன்பதாம் இடம். வெளியூர் போய் ஜெயித்தார்கள். உடை மாற்ற எங்களுக்குக் கொடுத்தது ஹீட்டர் ஓடாத மல்யுத்த அறை. பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே ஷோல்டர் பேடை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2022-இல் எட்டாம் இடம். எங்கள் மைதானம், எங்கள் பேண்டு, எங்கள் ஊர் ஜனம், தோற்றோம். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு நாள் நிதானமாக எழுத வேண்டும். இன்றைக்கு முடியாது.

நவம்பர் 3

"அந்த எட்டாம் இடத்தை யார் தீர்மானிக்கிறார்கள், ஓட்டெடுப்பா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இல்லை, கணக்கு. ஹார்பின் புள்ளி என்பார்கள், அதை வகுத்த ஜாக் ஹார்பின் பெயரால். 1972-இல் ப்ளே-ஆஃப் தொடங்கிய காலத்திலிருந்தே ஒஹையோவில் கணக்குதான்.

ஜெயித்தால் புள்ளி. பெரிய பிரிவுப் பள்ளியை ஜெயித்தால் கூடுதல். நீங்கள் ஜெயித்த பள்ளி வேறு யாரையாவது ஜெயித்தால் அதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள் என்பதற்கு மதிப்பே கிடையாது.

இதனால் நடப்பதைச் சொல்கிறேன். ஆகஸ்டில் எங்களிடம் தோற்ற பள்ளிக்காக அக்டோபர் கடைசி வெள்ளி வரைக்கும் நாங்கள் வேண்டிக்கொண்டிருப்போம். எங்கள் ஆட்டம் முடிந்த பிறகும் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். பார்க்கிங்கில் ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு, அறுபது மைல் தள்ளி முன்பின் தெரியாத ஊர்ப் பையன் ஃபீல்டு கோல் (கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) அடித்ததற்குக் கை தட்டுவோம். அவன் அடித்தால் எங்களுக்கு எட்டாம் இடம், தவறவிட்டால் ஒன்பது.

ஆகையால் நவம்பரில் யாருக்குச் சொந்த மைதானம் என்பதில் பாதியை, அட்டவணை போடும்போது யாரோடு ஆட ஒத்துக்கொண்டோம் என்பதே முடிவு செய்துவிடுகிறது. இளைத்த பள்ளிகளாகப் பார்த்து அட்டவணை போடுகிற கோச், பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்தும் பஸ் ஏற வேண்டி வரலாம்.

நவம்பர் 5

கூட்டத்தின் சத்தம் எதிரணியைத் தடுமாற வைக்காதா என்று கேட்டவருக்கு: ஆமாம், சத்தம் உண்டு. எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் குரல் கொடுக்கும்போது நம் பக்கம் எழுந்து கத்தினால் அவர்களுடைய முன்வரிசை லைன்மேன் ஒருவன் முன்கூட்டியே அசைவான். ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு பின்னால். தொழில்முறை ஆட்டத்திலும் இதுதான் கதை. 2020-இல் கொரோனாவால் என்.எஃப்.எல். அரங்குகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. அந்த சீசனில் சொந்த மைதான அணிகள் 127 ஜெயித்து, 128 தோற்று, ஒன்றைச் சமன் செய்தன. சொந்த மைதானக் கணக்கு தோல்விப் பக்கம் சாய்ந்தது அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

நவம்பர் 6

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். என்.எஃப்.எல். கணக்கு சரி, அதைப் பள்ளி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது தப்பு.

அங்கே எழுபதாயிரம் பேர் நான்கு பக்கமும் சூழ்ந்து கத்துகிறார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பக்கம் கான்கிரீட் படிக்கட்டு, எதிர்ப்பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு அலுமினியப் பலகை, இரண்டு முனையும் திறந்த வெளி. வெளியூர்க்காரர்களும் ப்ளே-ஆஃப் என்றால் தாத்தா பாட்டி வரை கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சத்தம் மேலே போய்க் கலைந்துவிடும். பேண்டு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பந்தை எடுக்க எதிரணி வரிசை கட்டியதும் பேண்டு வாசிப்பை நிறுத்தியாக வேண்டும். உங்கள் மகளைக் கேளுங்கள், டிரம் மேஜர் கை எப்போது இறங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

சத்தம் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது என்றுதான் இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

நவம்பர் 9, சனி

நேற்று இரண்டாம் சுற்று, எங்கள் மைதானத்தில். நான் வழக்கம்போல செயின் பிடித்தேன். பார்த்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

செயின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். அந்தப் பத்து யார்டைக் காட்ட, இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு சங்கிலி. ஒருவர் பின்கம்பு, ஒருவர் முன்கம்பு, ஒருவர் எத்தனையாவது முயற்சி என்று எண் காட்டும் பெட்டி, இன்னொருவர் கிளிப். பள்ளி ஆட்டத்தில் இந்த நான்கு பேரும் உள்ளூர்ப் பெற்றோரோ பழைய மாணவர்களோதான். சம்பளம் கிடையாது. 2019-இல் பையன் ஒன்பதாம் வகுப்பில் அணியில் சேர்ந்தபோது ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். அவன் படித்து முடித்துப் போய்விட்டான், நான் இன்னும் முன்கம்போடு நிற்கிறேன்.

விஷயம் என்னவென்றால், செயின் பிடிப்பவர்கள் நிற்பது வெளியூர் அணியின் பக்கம். நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் இரவு முழுக்க எதிரணிப் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கிறோம். கை தட்டக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. ஆறு வருடமாக எனக்குக் கிடைத்த இடம் இது. வேறு எந்த அப்பாவுக்கும் இது தெரியாது.

நேற்று வந்த பிள்ளைகள் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள். கிக்-ஆஃபுக்கு முன்னால் ஒரு பெரிய பையன், நூற்றிருபது கிலோ இருப்பான், பெஞ்சின் விளிம்பில் பாதத்தை வைத்துக் கெண்டைக்காலை இழுத்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் ஒருவன் அலுமினியத் தாளில் சுற்றிய சாண்ட்விச்சைப் பாதி தின்றுவிட்டு அப்படியே மடித்து வைத்தான். யாரும் பேசவில்லை. முதல் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பக்கம் விழுந்த தவறுகள் எல்லாமே கால் சம்பந்தப்பட்டவை. வழுக்கியது, தாமதமாகக் கிளம்பியது, பந்து வருகிற இடத்துக்கு ஒரு எட்டுப் பின்தங்கியது. இரண்டாம் குவார்ட்டரில் அதே பிள்ளைகள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். அதற்குள் பதினான்கு புள்ளி போய்விட்டது.

இன்னொன்று, காற்று. எங்கள் மைதானத்தின் மேற்கு முனை சோளக் காட்டுக்குத் திறந்து கிடக்கிறது. கோல் கம்பத்தின் உச்சியில் கட்டியிருக்கும் ரிப்பன் ஒரு பக்கம் ஆடும், தரையில் காற்று வேறு பக்கம் அடிக்கும். ஸ்கோர்போர்டு தடுத்துத் திருப்பிவிடுகிறது. எங்கள் கிக்கர் ஆகஸ்டிலிருந்தே அதைப் பழகியவன். வெளியூர்க் கிக்கர் ரிப்பனை நம்பி அடித்தான், பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, "சார், காற்று எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டான்.

நான் பேசக் கூடாது. பேசினேன். "ரிப்பனைப் பார்க்காதே, புல்லைப் பார்" என்றேன். அவன் அடுத்ததைச் சரியாக அடித்தான். ஆட்டம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை, போயிருந்தாலும் சொன்னதற்காக வருந்தியிருக்க மாட்டேன். பதினாறு வயதுப் பையன் கேட்கிறான்.

நவம்பர் 9, பிற்பகல்

செயின் பிடிப்பவர்கள் உள்ளூர் ஆட்கள் என்றால் ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்டவருக்கு, 2022 ஆட்டத்தை இப்போது சொல்கிறேன்.

நான்காம் குவார்ட்டர், மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். நான்காவது முயற்சி, ஒரு யார்டுக்கும் குறைவு. குவார்ட்டர்பேக் பந்தைக் கட்டிக்கொண்டு நடுவில் பாய்ந்தான். என் பையன் இடது கார்டு, அவனுக்கு முன்னால் தள்ளியவன். குவியல் கலைந்ததும் நடுவர் செயினை உள்ளே கூப்பிட்டார்.

இங்கேதான் கிளிப் வேலை செய்கிறது. செயினை வைத்த உடனேயே, ஐந்து யார்டுக் கோடு ஒன்றுக்கு நேராகச் சங்கிலியில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார்கள். அளக்கும்போது நடுவர் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு போய் அதே கோட்டில் வைப்பார். பின்கம்புக்காரரோ நானோ இழுத்து ஒரு அங்குலம்கூடத் தர முடியாது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சங்கிலியை விறைப்பாக இழுத்துக் கம்பை நிமிர்த்தி நிறுத்துவதுதான்.

இழுத்தேன். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இடைவெளி. இந்தப் பக்கம் முழுக்க எழுந்து நிற்கிறது. பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவர் எதிர்த்திசையில் கையைக் காட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "அப்பா, சங்கிலி நன்றாக விறைப்பாக இருந்ததா?" இருந்தது என்றேன். அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை.

நவம்பர் 12

பொது மைதானக் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் சுற்றிலிருந்து ஒஹையோவில் பொது மைதானம்தான். ஆனால் "பொது" என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்?

மாநில இறுதிப் போட்டிகள் 2017 முதல் கேன்டனில், டாம் பென்சன் ஹால் ஆஃப் ஃபேம் அரங்கில் நடக்கின்றன, கொரோனா வருடம் நீங்கலாக. பள்ளி ஃபுட்பால் பைத்தியம் பிடித்த மேசிலன் என்ற ஊர் அங்கிருந்து எட்டு மைல்தான். மேசிலனில் ஆண் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியிலேயே குட்டி ஃபுட்பால் ஒன்றைக் கையில் கொடுத்து வந்தார்கள். பள்ளிக்குச் சின்னமாகப் பல ஆண்டுகள் உயிருள்ள புலிக்குட்டியையே வைத்திருந்த ஊர் அது. பின்னாளில் என்.எஃப்.எல். கோச்சாகப் பெயர் வாங்கிய பால் பிரவுன் 1932 முதல் 1940 வரை அங்கே கோச், அந்த ஊர் அரங்குக்கும் அவர் பெயர்தான். இவ்வளவு இருந்தும் ப்ளே-ஆஃப் வந்த பிறகு மாநிலப் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. 1980, 1982, 2005, 2018, 2019, 2020 என்று ஆறு முறை இறுதி வரை போய்த் தோற்றார்கள். 2018-இலும் 2019-இலும் தோற்றது இதே கேன்டனில், வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில். 2023-இல் அதே அரங்கில் ஏக்ரன் ஹோபன் பள்ளியை 7–2 என்று ஜெயித்தார்கள். அந்த ஸ்கோரைப் பாருங்கள். கூடுதல் புள்ளியோடு ஒரு டச் டவுன் (ஏழு), எதிரணிக்கு ஒரு சேஃப்டி (இரண்டு), அவ்வளவுதான் இரவு முழுக்க.

கேன்டன் மேசிலனுக்கு இரண்டாம் வீடு மாதிரி. 2017-க்குப் பிறகு அங்கே ஆடிய மாநில இறுதிப் போட்டிகளில் இரண்டு முறை தோற்று ஒரு முறை ஜெயித்தார்கள். மைதானம் ஜெயிக்க வைக்கும் என்றால் இவர்கள் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

நவம்பர் 13

மேசிலன்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. கேன்டன் அவர்களுக்கு இரண்டாம் வீடு இல்லை, பகையாளி வீடு. அந்த அரங்கு கேன்டன் மெக்கின்லி பள்ளியின் சொந்த மைதானம். இரண்டு பள்ளிகளும் 1894-இலிருந்து மோதிக்கொண்டிருக்கின்றன. தங்கள் ஊரின் முதல் ப்ளே-ஆஃப் பட்டத்தை மெக்கின்லியின் புல்லில் நின்று வாங்கினார்கள் என்பதை நான் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. கால் மணி நேரப் பயணம் என்பதால் கால் பிடித்திருக்காது, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 14

டெக்சஸில் எப்படி என்று கேட்டிருந்தார்கள். அங்கே பல சுற்றுகளில் இரண்டு கோச்சும் பேசி இடத்தை முடிவு செய்கிறார்கள், ஒத்துவராவிட்டால் நாணயம் சுண்டுகிறார்கள். 1988-இல் மூன்று பள்ளிகள் சமநிலையில் நின்றபோது, யார் ப்ளே-ஆஃபுக்குப் போவது என்பதையே மிட்லண்டில் ஒரு லாரி நிறுத்தத்தில் நாணயம் சுண்டித்தான் தீர்மானித்தார்கள். மிட்லண்ட் ஹை வெளியே போனது. வருடம் முழுக்க ஆடிய பிள்ளைகளின் கதி ஒரு காசில். ஹார்பின் கணக்கை நான் எவ்வளவு திட்டினாலும் இதற்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

நவம்பர் 16

நேற்று பொது மைதானத்தில் எங்கள் பள்ளி தோற்றது. இரண்டு அணிக்கும் ஏறக்குறைய ஒரே தூரப் பயணம். முதல் குவார்ட்டரில் இரு பக்கமும் பிள்ளைகள் கால் இழுத்துக்கொண்டு ஆடினார்கள், புள்ளியே இல்லை. நீண்ட பயணம்தான் கால்களைக் கட்டிப்போடுகிறது என்ற என் பஸ் கணக்குக்கு இது ஒரு சாட்சி என்று சொல்ல ஆசை, ஒரே ஆட்டத்தை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன்.

பார்வையாளர் பலகையில் உட்கார்ந்து பார்த்து வெகு நாளாயிற்று. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட இருந்தார்கள். "பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசுகிறார்களே, சண்டையா?" என்று கேட்டார்கள். பிறகு ஆட்டம் முடிந்து கடைசி வருடப் பிள்ளைகள் புல்லில் மண்டியிட்டு அழுததைப் பார்த்து, "இவர்கள் வீட்டிலேயே தோற்றிருந்தால் பக்கத்தில் போய் அழலாம், இங்கே அழக்கூட இடமில்லை" என்றார்கள்.

கேள்வி கேட்டவருக்கு: எல்லா ஆட்டமும் பொது மைதானத்தில் என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு சுற்றாவது ஊரில் நடக்கட்டும்.

2025 நவம்பர் 1, சனி

ஒரு வருடம் கழித்து இந்த இழையைத் திறக்கிறேன், விதி மாறியிருப்பதால்.

இந்த வருடம் வட்டாரத்துக்கு 16 இல்லை, 12. முதல் நான்கு இடத்துக்கு முதல் சுற்றில் ஓய்வு. ஐந்திலிருந்து எட்டு வரை உள்ளவர்களுக்குச் சொந்த மைதானம். பதினைந்தாம் இடத்துப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் போய் அடி வாங்கும் கதை முடிந்தது. அதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் இதில் ஒன்று கவனித்தீர்களா? போன வருடம் வரை முதல் இடத்துப் பள்ளிக்கு ஜெயித்தால் ஊரில் இரண்டு ஆட்டம். இப்போது ஒன்றுதான். நன்றாக ஆடியதற்குப் பரிசாக ஒரு சொந்த மைதான ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கும் ஓய்வு, நேற்று வெள்ளிக்கிழமை எங்கள் மைதானம் இருட்டாகக் கிடந்தது. பேண்டு பெற்றோர் நடத்தும் கேன்டீனுக்கு ஒரு ராத்திரி வருமானம் போச்சு. கடைசி வருடப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கின் கீழ் ஒரு ஆட்டம் குறைந்துவிட்டது. ஓய்வு உடம்புக்கு நல்லது என்று கோச் சொல்கிறார், அதையும் மறுக்கவில்லை.

நவம்பர் 2

செயின் பிடிக்க ஆசை என்று எழுதியவருக்கு, நேராகச் சொல்கிறேன். பள்ளி விளையாட்டு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், எப்போதும் ஆள் தேவை. ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், நடுவர் கூப்பிட்டுப் பேசுவார். பள்ளி நிறத்தில் சட்டை வேண்டாம். உள்ளே கம்பளி, வெளியே மழைக்கோட்டு. விரல் நுனி இல்லாத கையுறை வாங்குங்கள், முழுக் கையுறை போட்டால் கம்பு வழுக்கும். ஓட்டக்காரன் உங்கள் பக்கம் பாய்ந்து வந்தால் கம்பைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்விடுங்கள், பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வரும் வெள்ளி எங்களுக்கு இரண்டாம் சுற்று. வரப் போகிறவர்களுக்கு மூன்று மணி நேரப் பயணம் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பெற்றோர் சங்கத்தில் கேட்டு அவர்களுக்கு ஜிம்மை ஒரு மணி நேரம் முன்பே திறந்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், கால் நீட்ட இடம் இருக்கட்டும். கோச்சுக்கு இதில் அவ்வளவாக விருப்பமில்லை. சாவி என்னிடம் இருக்கிறது.